கம்ப்ரசரில் கொஞ்சம் குன்னூர்

ஏழரைக்குக் கடைசிப் பல்லும் வீட்டுக்குப் போய்விடும்.
டாக்டர் எப்சிபா சாவியை என் கையில் வைத்து,
"கம்ப்ரசர் என்னோடது, கரன்ட் பில் உன்னோடது"
என்று குடையை விரித்துச் சரிவில் இறங்குவார்.

பகலெல்லாம் பல்லைக் குடைந்த காற்று
இரவில் என் ஏர்பிரஷ்ஷுக்கு.
இரண்டுக்கும் நடுவே ஒரு பித்தளை இணைப்பு,
அதற்காக ஒரு ஞாயிறு, கோயம்புத்தூர் வரை.

லாரி. அசலில் இருபத்து நான்கில் ஒரு பங்கு.
எழுபத்து மூன்று துண்டுகளை ஒட்டி முடித்தும்
சாம்பல் பிளாஸ்டிக்காக
ஊர் பேர் இல்லாமல் நின்றது.
கேத்தியிலிருந்து கேரட் ஏற்றி இறங்குமே,
அந்தப் பச்சை அதற்கு வேண்டும்.

விரல் ஒன்று, வேலை இரண்டு.
கீழே அழுத்தினால் காற்று,
பின்னால் இழுத்தால் நிறம்.
காற்றுதான் முதலில் வரணும், கடைசியில் போகணும்;
நிறம் நடுவில் வந்து போகிற விருந்தாளி.
சொல்ல எளிது.
என் ஆள்காட்டி விரல்
ஸ்விட்சு தட்டியே வளர்ந்தது,
பாதி என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

பழைய ரசீதுகளின் முதுகில் கோடு பழகினேன்.
கெட்டியாய் ஊற்றினால் மூக்கடைத்துத் தும்மியது.
நீர்க்க ஊற்றினால்
விழுந்த இடத்திலிருந்து எட்டுப் பக்கமும் கால் நீட்டி
ஓடியது சிலந்தி.
பாக்கெட் பால்
டம்ளர் சுவரில் வழிகிற பதம் என்று
பிடிபடுவதற்குள் அரை பாட்டில் காலி.

தாள் தட்டை. லாரிக்கோ மூலைகள் உண்டு.
அலமாரியில் வெள்ளை பிளாஸ்டரில்
வரிசையாய் ஊர்க்காரர்களின் தாடைகள்:
மேடு, பள்ளம், கை போகாத இடுக்கு.
ஓரத்தில் இருந்ததை எடுத்தேன்.
பெயர் பார்க்கவில்லை.

முதல் பூச்சு பூசினதே தெரியவில்லை.
தெரியவும் கூடாதாம்.
இரண்டாவது ஒரு சந்தேகம்.
மூன்றாவதில் கடைவாய்ப் பல்
தூரத்துத் தோட்டம் மாதிரி மெல்லப் பச்சை பிடித்தது.
முகமூடிக்குள் நான் சிரித்தது
எனக்கே கேட்டது.

நான்காவதில் துப்பியது.
பெயின்ட் இல்லை, தண்ணீர்.
ஜன்னலைப் பார்த்தேன்; எதிர்க் கடை விளக்கைக் காணோம்,
எதிர்க் கடையையே காணோம்.
பனி ஏறி வந்து நிற்க,
அதைத்தான் இத்தனை நேரம்
குடித்துக்கொண்டிருந்திருக்கிறது கம்ப்ரசர்.
நான் அடித்ததில் பாதி பச்சை, பாதி குன்னூர்.
முன்பல் இரண்டிலும் அம்மைத் தழும்பு.

காலை பத்துக்கு ஜெகதளா போஜன் வந்தார்,
கீழ்ப்பல் செட்டுக்கு.
மறைக்க நேரமில்லை.
"என்னுதா?"
"ஆமாங்க."
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இந்த ரெண்டுல மட்டும் ஏன் புள்ளி?"
"ஈரம் சேந்துடுச்சுங்க."
"கோஸ் இலையில இப்படித்தான் விழும்,"
என்றார், தன் தோட்டத்தைப் பார்ப்பதுபோல.
பிறகு,
"மேல் தாடைக்கும் அடிச்சிடுங்க. ஜோடி சேரணும்ல."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அவர் சிரிப்பது அப்படித்தான்.
மறுபடி அச்செடுத்த செலவு
என் சம்பளத்தில்.

அன்றிரவு தொட்டியின் அடித்திருகைத் திறந்தேன்.
ஸ்ஸ் என்று ஒரு வாரக் காற்று பெருமூச்சு விட்டது,
பின்னாலேயே துரு கலந்து
முக்கால் டம்ளர் தண்ணீர்.
நீர் பிடிக்கும் குப்பி ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.
வரும்வரை
ஜன்னலைச் சாத்திவிட்டு,
தொட்டியை வடித்துவிட்டு,
அழுத்தத்தை இருபதுக்குக் குறைத்துவிட்டு.

லாரி இன்னும் சாம்பலில்தான் நிற்கிறது.
முதலில் மேல் தாடை.